வர்ணம் பாடும்போது காலம் ஓடுகிறது: மெற்றோனோம் வைக்கலாமா?

சுன்னாகத்துத் தாய் எழுதியது:

வணக்கம். எனக்குச் சங்கீதம் தெரியாது. மகளை வகுப்புக்குக் கூட்டிச் சென்று விறாந்தையில் குந்தியிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியது மட்டும்தான். இங்கே விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

மகளுக்கு 13 வயது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். சுருதியில் குறையில்லை என்று ரீச்சரே சொல்கிறார். குறை தாளத்தில். ஆதி தாள வர்ணத்தை ஆறுதலாகத் தொடங்குகிறாள்; பின்பாதியான சரணத்துக்கு வரும்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளைப் போல் ஆகிவிடுகிறாள். "காலம் ஓடுகிறது" என்று ரீச்சர் சொல்லாத நாளில்லை. அவளுக்கோ ஓடுவதே தெரிவதில்லை. "ஒரே மாதிரித்தானே போடுகிறேன்" என்று கண் கலங்குகிறாள்.

போன ஞாயிறு அவளுடைய அப்பா கைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தார். முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 9 விநாடி, கடைசி ஆவர்த்தனம் 7 விநாடி. உடனே ஒரே அளவில் டிக்டிக் என்று தட்டுகிற மெற்றோனோம் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். அதைக் கண்ட ரீச்சர், "இந்த டிக்டிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டார். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. நடுவில் நான்.

எண்ணிப்பார் எழுதியது:

அப்பா செய்ததுதான் சரி. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, 9 விநாடியில் என்றால் நிமிடத்துக்கு 53 தட்டு. 7 விநாடியில் என்றால் கிட்டத்தட்ட 69. முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கிறது. இதற்கு ஓட்டம் என்று பெயர் வைத்தது ரீச்சரின் பெருந்தன்மை. தராசு இல்லாமல் சீனி நிறுக்க முடியாது. 60-இல் வைத்து ஒரு மாதம் பாடட்டும், சரியாகிவிடும்.

வலந்தலை எழுதியது:

22 வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன், இணுவில் பக்கம். அக்கா, முதலில் ஒன்று தெரிய வேண்டும்: எங்கே ஓடுகிறது? "சரணத்தில்" என்றால் போதாது. அடுத்த முறை அவள் பாடும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். ஆதி தாளம் உங்களுக்குப் பார்த்துப் பழகியிருக்கும். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதன் பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் விரல் எண்ணுகிற இடத்தில் ஒழுங்காக நிற்பார்கள். வீச்சில்தான் களவு. கை எழும்பி, உள்ளங்கை மேலே திரும்பி, பிறகு கவிழ்ந்து விழ வேண்டும். அவசரக்காரப் பிள்ளையின் கை பாதி திரும்பியதும் அடுத்த தட்டுக்கு இறங்கிவிடும். ஒரு வீச்சில் களவு போகிற நேரம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஆவர்த்தனம் அந்தக் குறைந்த அளவிலிருந்து தொடங்கும், அதற்கடுத்தது அதிலும் குறைவாக. அப்படித்தான் 9 போய் 7 வருகிறது.

மற்ற இடம் கார்வை. சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடம். பாடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பிள்ளை நினைத்து அடுத்த சொல்லுக்குப் பாய்ந்துவிடும். தட்டு எவராலும் போட முடியும். இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கிற வெறும் இடத்தை ஒரே அளவில் வைத்திருப்பதற்குப் பெயர்தான் காலப்பிரமாணம். ரீச்சர் செயலியை வேண்டாம் என்றதும் அதனால்தான். அந்த வெறும் இடத்தை அது அளந்து கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாக அளக்கப் பழகாது. பரீட்சகர் மேசையில் டிக்டிக் இருக்காது.

ரொறொன்ரோ மாமா எழுதியது:

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கெதியாக வேண்டும், அதுதான் பிரச்சினை. நான் 1986-இல் ஊரை விட்டவன். மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய பாடகர் முதல்வராக இருந்து நடத்திய இடம் மருதனார்மடம் இராமநாதன் இசைக் கழகம். அந்தப் பரம்பரையில் படித்த ஒருவரிடம்தான் என் அக்கா பாடக் கற்றார். ஒரு வருடம் முழுக்க முதலாம் காலம்தான்! இப்போது மூன்று மாதத்தில் மூன்றாம் காலம் பாட வைக்கிறார்கள். மூன்று மடங்கு வேகத்தில் பாடிப் பழகிய பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்?

மாத்திரை எழுதியது:

மாமா, கோபிக்க வேண்டாம். இரண்டு திருத்தம்.

மூன்றாம் காலம் என்றால் மூன்று மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு மடங்கு. சரளி வரிசையை நினைத்துப் பாருங்கள்: முதலாம் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தட்டுக்கு மூன்று வந்தால் அது திஸ்ரம், அது நடைக் கணக்கு, அதாவது ஒரு தட்டை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்கிற கணக்கு.

இரண்டாவதுதான் இந்த இழைக்கு முக்கியம். எந்தக் காலத்தில் பாடினாலும் கை அசைகிற வேகம் மாறக்கூடாது. பாத்தியின் அளவு அதேதான். வெங்காயத்தை நெருக்கி நடுகிறோம். பிள்ளைகள் செய்கிற பிழை என்னவென்றால், நெருக்கமாக நட வேண்டிய இடம் வந்ததும் பாத்தியையும் சேர்த்துச் சுருக்கிவிடுவது. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் இதை நன்றாகக் காணலாம். விளம்பமாக, அதாவது ஆறுதலாக, போய்க்கொண்டிருக்கும் கீர்த்தனையில் மத்திம கால சாகித்தியம் என்கிற பகுதி வந்ததும் சொற்கள் இரண்டு மடங்கு நெருக்கமாகும். தாளம் அசையாது. அசையாமல் இருப்பதால்தான் அந்த இடம் அவ்வளவு அழகாக இருக்கிறது. அங்கே தாளமும் சேர்ந்து ஓடினால் படியில் உருண்ட குடம்தான்.

மகள் ஓடுவது சரணத்தில் என்றால், சரணத்தின் சுரங்களில் எது நெருக்கமானது என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் தொடங்கும்.

ரொறொன்ரோ மாமா எழுதியது:

நான்கு மடங்குதான். அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன், அவரும் அதையே சொல்லி ஒரு பாட்டம் சிரித்தார். ஆனால் இப்போதைய பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.

சிம்மநந்தனம் எழுதியது:

இங்கே வேகம், காலம், லயம், நடை என்ற நான்கு சொற்களும் ஒரே சாக்கில் கிடக்கின்றன. தாளத்துக்குத் தசப்பிராணன் என்று பத்து உறுப்புகள் சொல்லப்பட்டிருக்கின்றன: காலம், மார்க்கம், கிரியை, அங்கம், கிரகம், ஜாதி, களை, லயம், யதி, பிரஸ்தாரம். இவற்றைப் படிக்காமல் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி? ஏழு தாளங்களை ஐந்து ஜாதியால் பெருக்கினால் 35, அதை ஐந்து கதியால் பெருக்கினால் 175...

வலந்தலை எழுதியது:

ஐயா, உங்கள் பெயருக்குரிய தாளத்துக்கு 128 அட்சரம் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் போட்டு முடிப்பதற்குள் பரீட்சை முடிந்துவிடும். பிள்ளைக்கு 13 வயது.

சிம்மநந்தனம் எழுதியது:

கேலி பண்ணலாம். ஆனால் கேட்டதற்கு உபயோகமான ஒன்று சாத்திரத்தில் இருக்கிறது. கச்சேரியில் ராகம் தானம் பல்லவி பாடுகிறவர்கள் அனுலோமம், பிரதிலோமம் என்று இரண்டு பயிற்சி செய்வார்கள். அனுலோமத்தில் தாளம் நிற்கும், பல்லவி கீழ்க்காலம், மேற்காலம் என்று மாறும். பிரதிலோமத்தில் பல்லவி அப்படியே நிற்கும், கை போடுகிற தாளம் மாறும். பல்லவி பாடச் சொல்லவில்லை. வர்ணத்தின் ஒரே ஒரு வரியை எடுத்து, அதே வேகத்தில் பாடிக்கொண்டு, தாளத்தை மட்டும் பாதி வேகத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு ஒரு விஷயம் விளங்கிவிடும்: கையும் வாயும் இரண்டு வேறு ஆட்கள். இதுவரை அவள் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாள்.

வலந்தலை எழுதியது:

இதற்கு என் தலை வணக்கம். கேலியைத் திரும்பப் பெறுகிறேன். 128-ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தபேலாப் பெடியன் எழுதியது:

நான் நான்கு வருடம் வட இந்தியாவில் தபேலா படித்தேன். அங்கிருந்து ஒரு செய்தி சொன்னால் இங்கே சிலர் சண்டைக்கு வரக்கூடும், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே வேகம் கூடுவது பிழையே இல்லை. ராகத்தை விளம்பித்தில் (ஆறுதலாக) தொடங்கி, மத்ய லயத்துக்கு (நடு வேகத்துக்கு) வந்து, த்ருத்தில் (கெதியாக) முடிப்பதுதான் முறை. சித்தார் கச்சேரியில் ஜாலா வாசிக்கும் இடத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். சபை அதற்காகத்தான் காத்திருக்கும். தொடக்கமோ மகா ஆறுதல். ஏக்தால் என்கிற தாளத்துக்கு 12 மாத்திரைதான், அதாவது 12 எண்ணிக்கை, ஆனால் மிக விளம்பமாகப் பாடுகிற சிலருக்கு ஒரு சுற்று முடியவே ஒரு நிமிடம் போகும். அடுத்த சம், அதாவது சுற்றின் முதல் தட்டு, எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து நான் முதல் மாதம் நித்திரை கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வித்தியாசம். அங்கே பாடகர் பொதுவாகக் கையில் தாளம் போடுவதில்லை. தேகா என்று ஒரு நிலையான சொற்கட்டைத் தபேலா திரும்பத் திரும்ப வாசிக்கும், மாத்திரை எங்கே நிற்கிறது என்று அதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நமது மிருதங்கம் அப்படி இல்லை. பாட்டோடு பாட்டாகப் போகும், மோரா, கோர்வை என்கிற முத்தாய்ப்புச் சொற்கட்டுகளை வைத்துக்கொண்டு எங்கெங்கோ சென்று வரும். அதைக் கேட்டுத் தாளம் பிடிக்க முடியாது. அதனால்தான் நமக்குக் கை. அங்கே தபேலாக்காரர் பார்க்கிற காவல் வேலையை இங்கே பாடுகிறவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர்களை நம்பியும் ஏமாந்துவிடக் கூடாது. நமது ரூபகம் ஆறு அட்சரம். அங்கே ரூபக் ஏழு மாத்திரை, அதுவும் காலியில், அதாவது நமது கணக்கில் வீச்சு போன்ற ஓர் இடத்தில், தொடங்கும். முதல் நாள் நான் ஆறு எண்ணிக்கொண்டு இருந்தேன். ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் இருக்கிறது.

எண்ணிப்பார் எழுதியது:

அப்படியானால் ஓடுவது அங்கே கலை, இங்கே குற்றமா? எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது!

தபேலாப் பெடியன் எழுதியது:

அங்கே ஏற்றுகிறவருக்குத் தான் ஏற்றுவது தெரியும். எவ்வளவு ஏற்றினேன் என்றும் தெரியும். தெரியாமல் ஏறினால் அங்கேயும் அடிதான்.

கதியால் எழுதியது:

நீங்கள் எல்லாரும் மெற்றோனோம் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வாய்த்த மெற்றோனோம் ஒரு சைக்கிள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்காக இருந்ததை இங்கே பலர் அனுபவித்திருப்பீர்கள். பற்றரி கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து, அதைக் கசற் றேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். மற்றவர்கள் கேட்பார்கள். மாமாவிடம் நாதஸ்வரக் கசற் ஒன்றும் வர்ணங்கள் பதிந்த கசற் ஒன்றும் இருந்தன. சுற்றுகிறவன் பெரும்பாலும் நான்தான். வீட்டில் கடைசிப் பிள்ளை.

கை களைத்து வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும். வேகம் மட்டும் குறைந்தால் பரவாயில்லை, சுருதியும் கூடவே இறங்கும். பாடகி பாதி வரியில் ஆம்பிளைக் குரலுக்கு வந்துவிடுவார். மாமா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டே "டேய், காலம்!" என்பார். உடனே அவசரப்பட்டுச் சுற்றினால் பாடகி கீச்சிடத் தொடங்குவார். "டேய், ஓடாதே!" கண் திறக்க மாட்டார்.

அப்படி இரண்டு வருடம் சுற்றியிருப்பேன். எனக்குச் சங்கீதம் ஒரு வரியும் தெரியாது. ஆனால் இன்றைக்கும் கோயிலில் யாராவது பாடும்போது காலம் கொஞ்சம் அசைந்தால் என் வலது தோள்தான் முதலில் அறியும். மகளுக்கு ஒரு சைக்கிளைக் கவிழ்த்துக் கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை. தாளம் காதிலும் மூளையிலும் மட்டும் இருக்கிற சாமான் இல்லை, தோளில் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

மாத்திரை எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் உச்சம்.

சுன்னாகத்துத் தாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை வலந்தலை தம்பி சொன்னபடி கையைப் பார்த்தேன். உண்மைதான். முதல் வீச்சு சரி. இரண்டாவது வீச்சில் கை முழுவதும் திரும்புவதே இல்லை. மடியில் ஈ கலைப்பதைப் போல் ஓர் அசைவு, அவ்வளவுதான். சரணத்தில் இல்லை, வர்ணத்தின் தொடக்கமான பல்லவியிலேயே அப்படித்தான். அங்கே தெரியவில்லை, சரணத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது போலும்.

அவளிடம் சொன்னதும் வீச்சை முழுதாகப் போடப் பார்த்தாள். இப்போது பாட்டு தடுமாறுகிறது. கையைக் கவனித்தால் சொல் மறக்கிறது, சொல்லைக் கவனித்தால் கை ஓடுகிறது.

கூட்டுமேளம் எழுதியது:

எனக்கு வயது 76. இப்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, பேரன் தட்டச்சு செய்கிறான். ஊர் அளவெட்டி. நான் நாதஸ்வரமும் வாசிக்கவில்லை, தவிலும் அடிக்கவில்லை. பதினொரு வயதிலிருந்து பத்து வருடம் ஒரு மேளக்காரக் குழுவில் தாளம் போட்டேன். அந்த வேலையை யாரும் நினைப்பதில்லை. படத்தில் நாதஸ்வரக்காரர் இருப்பார், தவில்காரர் இருப்பார், தாளக்காரப் பெடியனின் முழங்கை மட்டும் ஓரத்தில் இருக்கும்.

வெண்கலத் தாளம். கயிற்றை ஆள்காட்டி விரலில் சுற்ற வேண்டும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் கூட்டுமேளம் என்றால் நான்கு குழு, ஐந்து குழு வரும். விடியும்வரை நடக்கும். சுவாமி வெளிக்கிடும்போது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற உருப்படி. அதையே மூன்று காலத்திலும் வாசிப்பார்கள், திஸ்ரத்திலும் வாசிப்பார்கள். நாதஸ்வரக்காரர் மேலே மேலே ஏறுவார், தவில்காரர் அதற்கு மேல். சுவாமி காவுகிறவர்களின் காலும் அந்த அடிக்கு அசையும். இத்தனை பேரும் என் இரண்டு வெண்கலத் துண்டின் மேல் நிற்கிறார்கள் என்று எனக்கு அந்த வயதில் தெரியாது.

முதல் வருடம் ஓர் இரவு. இரண்டு மணி இருக்கும். தவில்காரர் தனி வாசிக்கிறார். சதுஸ்ரத்தில், தட்டுக்கு நான்காக, போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று திஸ்ரத்துக்கு மாறினார். தட்டுக்கு மூன்று மூன்றாக விழுகிறது. என் கைக்கு அது இனித்துவிட்டது. அந்த மூன்றுக்குப் பின்னால் கை தானாகப் போகத் தொடங்கிவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. நன்றாகப் போடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகளைப் போலத்தான். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் வலது கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இடப்பக்கமான தொப்பியில் இருந்த குச்சி மட்டும் ஒரு கணம் இந்தப் பக்கம் வந்து என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் போய் அதன் இடத்தில் விழுந்தது. ஒரு சொல் தவறவில்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மூன்று நாள் வீக்கம்.

விடிந்த பிறகு பிளேன்டீ குடிக்கும்போது கூப்பிட்டார். "நீ தவிலைக் கேட்டாய், இல்லையா?" என்றார். "ஓம்" என்றேன். "தவிலைக் கேட்டால் தவில் உன்னைக் கொண்டுபோய்விடும். சபை தவிலைக் கேட்கட்டும். நீ உன் கையைக் கேள்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வேலை வைத்தார். அவர் மகன் பாடம் வாசிப்பான், நான் தாளம் போட வேண்டும். மகனுக்கு இரகசியமாகச் சொல்லி வைத்திருப்பார்: ஓடு, இழு, தடுமாறு, என்ன வேண்டுமானாலும் செய், அவன் கையை அசைத்துப் பார். நான் அசையக்கூடாது.

அவருடைய பெயரை எழுதவில்லை, பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும், குச்சியால் அடித்தார் என்று மனம் வருந்துவார்கள். எனக்கு வருத்தம் இல்லை.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியை (1933–1975) ஒலிப்பதிவிலாவது பிள்ளைக்குக் கேட்கக் கொடுங்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். கேட்கும்போது கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும். கடைசிவரை கை அசையாமல் போட்டால் பிறகு பரீட்சைக்குப் பயப்படத் தேவையில்லை. நான் இப்போதும் சில இடங்களில் விழுந்துவிடுகிறேன்.

அதைவிட இலகுவான வழி: சிறிது காலத்துக்குப் பிள்ளை பாடவே வேண்டாம். வேறு யாராவது பாடட்டும். பிள்ளை தாளம் மட்டும் போடட்டும்.

வலந்தலை எழுதியது:

ஐயா, வணங்குகிறேன். 22 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குத் தாளத்தைப் பாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். தன் பாட்டுக்குத் தானே தாளம் போடுகிறவருக்கு ஓடினாலும் இரண்டும் சேர்ந்து ஓடும், பிழை எப்படித் தெரியும்? ஓடுகிற பஸ்ஸுக்குள் இருக்கிறவருக்குப் பஸ் ஓடுவது தெரியாத மாதிரி. வேறொருவர் பாட்டுக்குப் போட்டால் முதல் தடவை இழுக்கும்போதே கை உணர்ந்துவிடும்.

எண்ணிப்பார் எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செயலியைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். இப்போதைய செயலிகள் பலவற்றில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு ஆவர்த்தனம் சத்தம் வரும், அடுத்த இரண்டு ஆவர்த்தனம் வராது, பிறகு மறுபடியும் வரும். சத்தம் இல்லாத இடத்தில் பிள்ளை தானாகப் பாட வேண்டும். சத்தம் திரும்பி வரும்போது தன் தட்டு அதன் மேல் விழுகிறதா, முந்திவிட்டதா என்று உடனே தெரியும். வலந்தலை அண்ணா சொன்ன வெறும் இடத்தை இது நிரப்பவில்லை. நாம் நிரப்பியது சரியா என்று காட்டுகிறது. பிறகு சத்தம் இல்லாத இடத்தை நான்காக்கலாம், எட்டாக்கலாம்.

வலந்தலை எழுதியது:

இதற்கு நான் எதிர்ப்பு இல்லை. தராசாக வைத்துக்கொள்ளலாம், ஊன்றுகோலாக வைக்காமல் இருந்தால் சரி. ரீச்சருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் அக்கா, அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம்.

இன்னும் ஒன்று. தொடங்குகிற வேகத்தை எப்படித் தெரிவு செய்கிறாள்? பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியை நினைத்து, அதற்கு வசதியான வேகத்தில் தொடங்குவார்கள். முதல் வரியில் சுரங்கள் ஐதாக இருப்பதால் அந்த வேகம் மிகவும் ஆறுதலாக இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு நிற்க மூச்சும் பொறுமையும் போதாது. வாய் திறப்பதற்கு முன் வர்ணத்தில் மிக நெருக்கமான சுர வரி எதுவோ அதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வரி எந்த வேகத்தில் தெளிவாக வருகிறதோ அதுதான் முழு வர்ணத்துக்கும் காலப்பிரமாணம். பரீட்சை அறையில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது இது இன்னும் முக்கியம். பயத்தில் எல்லாருக்கும் தொடக்கமே கெதியாகிவிடும்.

சிம்மநந்தனம் எழுதியது:

இதைத்தான் சாத்திரத்தில்...

வலந்தலை எழுதியது:

ஐயா!

சுன்னாகத்துத் தாய் எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சத்தம் நின்று வருகிற விளையாட்டு" நல்லது என்று சொல்லிவிட்டார், அதனால் வீட்டில் கட்சிச் சண்டை தீர்ந்தது. அப்பாவுக்குத் தான் வென்றதாக நினைப்பு.

அளவெட்டி ஐயா சொன்ன வேலைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஆள் அவளுடைய அப்பம்மா. பின்னேரத்தில் விளக்கு வைத்துவிட்டுத் திருப்புகழ் பாடுவார். அவருக்குத் தாளம் என்று ஒன்றும் இல்லை, சந்தம் தானாக ஓடும். ஆனால் ஒவ்வோர் அடி முடிவிலும் முருகனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். மகள் எதிரில் இருந்து கை போட வேண்டும். முதல் நாள் இரண்டு பேருக்கும் சண்டை. "அப்பம்மா, நீங்கள் நிற்கிறீர்கள், என் கை போய்க்கொண்டிருக்கிறது" என்றாள். "உன் கையை யார் போகச் சொன்னது? முருகன் எங்கே ஓடிவிடப் போகிறார்?" என்றார் அவர். இரண்டாவது வாரத்திலிருந்து அப்பம்மா நிற்கும்போது இவள் ஒரு வீச்சை முழுதாகப் போட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அப்பம்மா அந்த வீச்சைப் பார்த்து, அடுத்த தட்டில் வந்து சேர்ந்துகொள்கிறார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அளந்தோம். முதல் ஆவர்த்தனம் 9 விநாடி, கடைசி ஆவர்த்தனம் 8. அப்பா தசமத்தில் சொல்லியிருக்கலாம் என்கிறார்.

வலந்தலை எழுதியது:

8 போதும் அக்கா. அந்த அளவுக்குப் பரீட்சகர் பேனாவைத் தூக்க மாட்டார். இதற்கு அடுத்து அட தாள வர்ணம் வரும்: கண்ட ஜாதி, 14 அட்சரம். ஒரு தட்டும் நான்கு விரலுமாக இரண்டு லகு, பிறகுதான் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அந்தத் தட்டு வீச்சுக்கு வருவதற்குள் பத்து எண்ண வேண்டும். களவு எடுக்கிற கை அதுவரை பொறுத்திருக்காது, விரலிலேயே தொடங்கிவிடும். அப்போது மறுபடி எழுதுங்கள்.

கூட்டுமேளம் எழுதியது:

அப்பம்மா நிற்கிற இடத்தை அவரிடம் பறித்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நாதஸ்வரக்காரர் அப்படி நின்றால் நாங்களும் காத்திருப்போம், ராகம் வாசிக்கிற இடத்தில். தாளம் தொடங்கிவிட்டால்தான் காத்திருக்கக் கூடாது. பேரனுக்குப் பாடம் இருக்கிறதாம், நிறுத்துகிறேன்.

ரொறொன்ரோ மாமா எழுதியது:

பிள்ளைகளைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். அப்பம்மா பாடுவதையும் பேத்தி கை போடுவதையும் ஒரு தடவை பதிந்து இங்கே போட முடியுமா? இங்கே வெளியே பனி கொட்டுகிறது. அக்காவுக்கும் அனுப்ப வேண்டும்.